நன்றாகத் தட்டுப்படுகிறது

பார்கவி விரல்களை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் வலது பாதத்தின் மேற்பக்கம், பெருவிரலுக்குப் போகும் தசைநாணுக்குச் சற்று வெளியே இருந்தன. புத்தகம் சொன்ன இடம் அதுதான். அந்த இடத்தில் தோலின் மேல் ஊதா நிறத்தில் மங்கலாக ஒரு கோடும் கிடந்தது. போன வாரம் வேறொரு குழு பயிற்சிக்காகப் போட்ட கோடு. ஸ்பிரிட்டால் துடைத்தும் முழுதாகப் போகவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே அவள் விரல்கள் இருந்தன. ஆனால் விரலுக்கு அடியில் ஒன்றுமில்லை. ஈரமணலைத் தொட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

பிசியோதெரபி முதலாமாண்டு மாணவர்களுக்கு அன்று உடற்கூறியல் செய்முறைத் தேர்வு. தோலை அறுக்காமல், எலும்பின் மேட்டையும் தசைநாணின் விளிம்பையும் தடவிப் பார்த்து, உள்ளே எந்த நரம்பு எங்கே வளைகிறது, எந்த நாடி எந்த வழியில் இறங்குகிறது என்று தோலின் மேல் கோடு போட்டுக் காட்ட வேண்டும். பார்கவிக்கு வந்த சீட்டு வலது கணைக்கால். முழங்காலுக்கு வெளியே, கீழே, உருண்டையாகத் தட்டுப்படும் எலும்புத் தலையைக் கண்டுபிடித்து, அதன் கழுத்தைச் சுற்றிவரும் நரம்பைச் சரியாகப் போட்டுவிட்டாள். கெண்டைக்காலின் ஆழத்தில் இறங்கும் நாடியை முழங்கால் மடிப்பிலிருந்து உள்கணுக்கால் வரை வரைந்துவிட்டாள். கடைசி வேலை, பாதத்தின் மேற்பக்கத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுக் காட்டுவது. அங்கேதான் நின்றுவிட்டாள்.

உயரமான மேசையில் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கபிரியேல். துறையின் அட்டெண்டர். ஒன்பது வருடங்களாகப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் அவருடைய வலது கால்தான். மதிப்பெண் தாளில் அவருக்கென்று இருந்த கட்டத்தில் 'மாடல், ஆண், 57' என்று மட்டும் எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கு அவர் கபிரியேல் அண்ணாச்சி.

"கொஞ்சம் பைய அமுக்கும்மா," என்றார் அவர் உதடு அசையாமல். "அங்கனதான் இருக்கும். எல்லாப் பிள்ளையும் அங்கனதான் வைக்கும்." சொல்லிக்கொண்டே பெருவிரலை மெல்ல உயர்த்தினார். தசைநாண் கயிறு போலப் புடைத்துக்கொண்டு எழுந்தது. தேர்வாளர் பார்க்காத நேரமாகப் பார்த்து அவர் எல்லோருக்கும் செய்யும் உதவி அது.

பார்கவி உள்கணுக்காலின் பின்புறம், எலும்பு மேட்டுக்கும் குதிகாலுக்கும் நடுவே விரலை நகர்த்தினாள். அங்கேயும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருபது எண்ணினாள். அப்புறம் யாரும் கேட்காமலே இடது பாதத்தில் கையை வைத்தாள். வைத்த உடனே வந்து முட்டியது, கன்றுக்குட்டி மடியை முட்டுகிற மாதிரி.

"சார், இந்தக் கால்ல இருக்கு. வலது கால்ல ரெண்டு இடத்துலயும் இல்ல."

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த துறைத்தலைவர் டைட்டஸ் சாரிடம், "இந்தப் பொண்ணுக்கு முன்னால எத்தனை பேர் சார்?" என்று கேட்டார்.

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொரு பேருக்கு இருந்த பல்ஸ் உன்னைப் பார்த்ததும் பயந்து ஓடிருச்சாம்மா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டைட்டஸ் சார் அவள் பக்கம் குனிந்து, அன்பான குரலில்தான் சொன்னார்: "பதட்டப்படாதம்மா. கிடைச்சதுன்னு சொல்லிட்டுக் கோட்டைப் போட்டுட்டுப் போ. நல்லா படிக்கிற பொண்ணு நீ."

"கிடைக்கல சார்."

தேர்வாளர் அந்தக் கட்டத்தில் சுழியம் போட்டார். அந்தச் சுழியத்தோடு உடற்கூறியலில் தேற முடியாது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கபிரியேலுக்கும் தெரிந்திருந்தது. உயர்த்திய பெருவிரலை அவர் இன்னும் இறக்கவில்லை.

வெளியே புங்கமரத்தடியில் தேர்வு முடித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனிஸ்டன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"ஏ பார்கவி, உனக்கு என்ன கிறுக்கா? இல்லன்னு எவனாவது வாயைத் தொறந்து சொல்லுவானா? எனக்கும்தான் ஒண்ணும் தட்டுப்படல. என் கையில ஓடுத பல்ஸையே எண்ணி எழுபத்திரெண்டுன்னு சொன்னேன். அந்தாளு 'குட்'ன்னாரு."

"நான் எண்பது சொன்னேன்," என்றாள் ஜெர்லின்.

"நான் அறுபத்தெட்டு," என்றான் இன்னொருவன்.

"ஒத்தக் காலுக்குள்ள மூணு ஆளு குடியிருக்காம் வே!" என்றான் ஜெனிஸ்டன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேர்வு முடிந்த சிரிப்பு அது.

பார்கவி சிரிக்கவில்லை. "அப்ப யாருக்குமே கிடைக்கலையா?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "கோடு கிடந்துச்சுல்லா," என்றாள் ஜெர்லின் புல்லைப் பிய்த்துக்கொண்டே. "கோட்டு மேல கோடு போட்டோம். எல்லாரும் அப்படித்தான. போன வருஷத்து அக்காவும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாவ."

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பார்கவிக்கு அதுதான் தாங்கவில்லை. ஜெர்லின் காய்ச்சலில் கிடந்த விடுதித் தோழிக்கு மூன்று இரவு கஞ்சி வைத்துக் கொடுத்தவள். ஜெனிஸ்டன் வழியில் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு போனவன். ஒரு மனிதனின் காலில் விரலை வைத்து, ஒன்றுமில்லாததை உணர்ந்து, அதை விழுங்கிவிட்டு 'இருக்கிறது' என்று சொல்ல இவர்களுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பெரிய பாவத்துக்கு மனுஷன் பயப்படுகிறான். இந்த மாதிரிச் சின்னப் பொய் துண்டில் ஒட்டிய தூசி போலக் கூடவே வருகிறது, யாரும் உதறுவதில்லை.

அவள் ஆழ்வார்குறிச்சிக்குப் போன் செய்தாள். அப்பா கோபாலசுப்பிரமணியன் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடி, போனது போகட்டும். சாருக்கு ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துடு. பெரியவா மனசு வெச்சா எதாவது பண்ணுவா," என்றார். அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. அம்மா ராஜாம்பாள்.

"ஏண்டி, அந்த மனுஷர் காலுக்கு என்னவாம்? அதைக் கேட்டியோ?"

பார்கவிக்கு முகம் சுட்டது. முட்டை மதிப்பெண்ணை நினைத்து அரைமணி நேரம் நொந்துகொண்டிருந்தாள். அந்தக் காலைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

கபிரியேல் ஆய்வகத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டு வந்தார். "நான் வேணும்னா அந்த சார்கிட்ட வந்து சொல்லட்டாம்மா? எனக்கு உள்ளுக்குள்ள துடிக்குது, பிள்ளைக்குத்தான் பதட்டத்துல தெரியலன்னு சொல்லுதேன். என் கால்தான, நான் சொன்னா கேப்பாங்கல்லா?"

"அண்ணாச்சி, கொஞ்சம் உட்காருங்க."

தரையில் உட்கார்ந்து அவர் பாதங்களைக் கையில் எடுத்தாள். அவர் கூசிப்போய் இழுத்துக்கொண்டார். "கீழ உக்காராதம்மா, மேல உக்காரு." அவள் விடவில்லை. இடது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. வலது பாதம் மண்பானை வயிறு போலக் குளிர்ந்திருந்தது. இடது கணைக்காலில் முடி இருந்தது; வலதில் வழித்துவிட்டது போல ஒன்றுமில்லை. வலது பெருவிரலின் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்தது, சிவக்க மறந்துபோனது போல அப்படியே நின்றது. பக்கத்து விரலில் புதிதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இது?"

"அது ஒண்ணுமில்ல. எலும்புப் பெட்டி விழுந்துச்சு. அஞ்சு வாரமா ஆறாமக் கிடக்கு. நீங்கள்லாம் தொடுத இடம்லா, அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு காலையில புதுசா ஒட்டினேன்."

"நடந்தா வலிக்குதா?"

கபிரியேல் சிரித்தார். பெருமணலில் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த காலத்தில் மணலில் ஓடியவர். கடலை விட்டுச் சேரன்மாதேவிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. "பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோட வாறதுக்குள்ள மூணு தடவ நின்னுருவேன். கெண்டைக்கால்ல எவனோ ஈரத்துணியப் பிழியுத மாதிரி முறுக்கும். நின்னா விட்டுரும். சும்மா நின்னா சனம் என்ன நினைக்கும்? அதுனால வாய்க்கால்ல மீனு பாக்குத மாதிரி நிப்பேன். வாய்க்கால்ல என்ன பெரிய மீனு! வயசாச்சுல்லா."

பிறகு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லுதேன், சார்கிட்ட சொல்லிராத. பரீட்சைக்கு முந்தின நாளு மட்டும் நான் கோட்டை அழுத்தித் துடைக்க மாட்டேன். கொஞ்சம் மிச்சம் வைப்பேன். பாவம், வீட்டை விட்டுட்டு வந்து படிக்குதுவ. பாத்துப் போட்டுட்டுப் பாஸாகிட்டுப் போகட்டுமேன்னு. அப்படியும் நீ மட்டும் இப்படி ஆயிட்டியே."

பார்கவி அந்தப் பாதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். பிள்ளைகள் மேல் இந்த மனிதர் வைத்த இரக்கம், அந்த மங்கலான ஊதாக் கோடு, அதுவே அவருடைய காலை மறைத்துவிட்டது. நல்ல மனசுக்குக் கடவுள் இப்படியா கூலி கொடுப்பார் என்று ஒரு கணம் தோன்றியது. கடவுள் அல்ல என்று மறுகணமே தெரிந்தது. அவர் மிச்சம் வைத்தது இரக்கம். அதைச் சோம்பலுக்கு எடுத்துக்கொண்டது மற்றவர்கள்.

டைட்டஸ் சார் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "செப்டம்பர்ல மறுதேர்வு இருக்கும்மா. கவலைப்படாத," என்றார்.

"சார், நான் அதுக்கு வரல. அண்ணாச்சி கால்ல நிஜமாவே பல்ஸ் இல்ல. கால் சில்லுன்னு இருக்கு. அஞ்சு வாரமாப் புண்ணு ஆறல. நீங்க ஒரு தடவை தொட்டுப் பாருங்க சார்."

"பாதத்துப் பல்ஸ் பத்துல ஒருத்தருக்குப் பிறவியிலயே இருக்காது. பாடத்துல இருக்கே."

"பின்னங்கணுக்கால்லயும் இல்ல சார்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நான் தொட்டுப் பாத்து இல்லன்னு சொன்னா என்ன ஆகும்? காலைல முப்பத்தொரு பிள்ளைங்க பொய் சொல்லுச்சுன்னு ஆகும். ஒன்பது வருஷமா நான் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு எல்லாம் என்னன்னு கேப்பாங்க. உன் ஒருத்திக்காக அவ்வளவையும் கலைக்கச் சொல்லுதியா?"

"எனக்காக இல்ல சார். நான் மார்க் கேக்கல. ஒரு நிமிஷம் கேக்கறேன். அவர் பக்கத்து ரூம்லதான் இருக்கார்."

டைட்டஸ் சார் தட்டை அருகே இழுத்துக்கொண்டார். பிறகு, "ஏதாவது தைலம் தேய்க்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு அடி தூரம். ஒரு நிமிடம். மூன்று விரல். வேறொன்றும் வேண்டியதில்லை. உலகத்தில் எத்தனையோ உதவிகளுக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், அதிகாரம் வேண்டும். இதற்கு எழுந்து நடந்தால் போதும். அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடி என்று அப்பா சொல்லுவார். பார்கவி தண்ணீர்க் குடத்தைத் தாண்டிக் குடிக்காமலே வெளியே நடந்தாள். சில கோபங்களை அணைப்பதுதான் பாவம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் கபிரியேலை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஜெனிஸ்டன் ஓர் ஆட்டோவோடு நின்றிருந்தான். அவள் அவனிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆய்வகச் சன்னல் வழியே அவன் பார்த்திருக்க வேண்டும். "ஏறுங்க அண்ணாச்சி," என்றான். கபிரியேல், மேசை துடைக்க வேண்டும், எலும்பை எண்ணி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "எலும்பு எங்கயும் ஓடாது. ஏறுங்க வே," என்று அவரைக் கிட்டத்தட்டத் தூக்கி உட்காரவைத்தான். ஆட்டோ பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது.

அறுவைப் பிரிவில் இருந்த டாக்டர் அர்ஷியாவுக்கு முப்பது வயதிருக்கும். பெயரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். "பெருமணலா? எங்களுக்குக் காயல்பட்டினம். ரெண்டு பேருக்கும் ஒரே கடல்தான்," என்று சொல்லியபடியே குனிந்து பாதத்தில் விரலை வைத்தார். பிறகு கணுக்காலின் பின்புறம். பிறகு முழங்காலை மடக்கச் சொல்லி, இரண்டு கைவிரல்களையும் மடிப்பின் குழிக்குள் ஆழமாகக் கொடுத்துக் காத்திருந்தார். பிறகு தொடை இடுக்கு. அங்கே மட்டும் அவர் தலை மெல்ல அசைந்தது. பேனா போன்ற ஒரு கருவியில் பசை தடவி இடது பாதத்தில் வைத்தார். ஈரத்துணியை உதறுவது போல விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. வலது பாதத்தில் வைத்தார். ரேடியோவில் நிலையம் கிடைக்காத இரைச்சல்தான் வந்தது.

"எப்ப இருந்து இப்படி? முன்னால யாராவது இந்தக் கால்ல பல்ஸ் பாத்துருக்காங்களா?"

கபிரியேல் கொஞ்சம் பெருமையோடு நிமிர்ந்தார். "முந்நூறு பிள்ளைய பாத்துருக்கு டாக்டரம்மா. ஒன்பது வருசமா."

"முந்நூறு பேரா?" டாக்டர் பார்கவியைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கு?"

"நன்றாகத் தட்டுப்படுகிறதுன்னு."

"எல்லாத்துலயுமா? கடைசியா எப்பப் பாத்தாங்க?"

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். ஜெனிஸ்டன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இன்னைக்குக் காலைல. நான் எழுபத்திரெண்டுன்னு சொன்னேன் டாக்டர். எனக்கு ஒண்ணும் தட்டுப்படல."

டாக்டர் அர்ஷியா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். ஒன்பது வருடத்தில் எந்த வருடம் அந்தத் துடிப்பு நின்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார். நடக்கும்போது முறுக்கிய நாளிலேயே கண்டிருந்தால் மாத்திரையிலும் நடைப்பயிற்சியிலும் நிறுத்தியிருக்கலாம். இப்போது விரலில் புண் வந்துவிட்டது. தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. இன்னொரு காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துப் பாலம் மாதிரி வைத்துத் தைக்க வேண்டும். "ரத்தம் கீழ இறங்குச்சுன்னா கால் தங்கும். இறங்கலன்னா…" என்று நிறுத்தி, கபிரியேலின் தோளில் கையை வைத்தார். "அதை அப்பப் பாப்போம் அண்ணாச்சி."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வகத்துக்குள் ஒரு பெண் வந்தாள். பார்மலின் வாடையை மீறி மீன் வாடை வந்தது. கபிரியேலின் மனைவி பவுலின். சேரன்மாதேவிச் சந்தையில் மீன் விற்பவள்; கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தாள். சத்தம் போடப்போகிறாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. மேசையில் அடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டுகளைக் காட்டி, முன்னால் நின்ற ஜெர்லினிடம், "எங்க வீட்டு ஆளு காலைப் பத்தி இதுலதான் எழுதிருக்கா? வாசிம்மா," என்றாள்.

ஜெர்லின் ஒரு நோட்டை எடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். "வலது பாதம். துடிப்பு நன்றாகத் தட்டுப்படுகிறது."

"அடுத்தது."

"துடிப்பு நன்றாகத் தட்டுப்படுகிறது."

"அடுத்தது."

ஏழாவது நோட்டு ஜெர்லினுடையது. அவளால் வாசிக்க முடியவில்லை. டைட்டஸ் சார் அறையிலிருந்து வேகமாக வந்தார். "அம்மா, என்னதிது? இது காலேஜ்."

"தெரியும் சார். மீன் சந்தைன்னா இந்நேரம் பத்துப் பேரு ஓடிவந்து என்னக்கான்னு கேட்டுருப்பாவ." பவுலின் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் முப்பது வருசமா மீன் விக்கேன். செவுளைத் தூக்கிப் பாக்காம ஒருத்தனும் வாங்க மாட்டான். வயித்த அமுக்கிப் பாப்பான், கண்ணப் பாப்பான், மோந்து பாப்பான். பத்து ரூவா சாளைக்கு அம்புட்டும் பாப்பான். செத்த மீனை அம்புட்டுத் தொட்டுப் பாக்குத ஊருல, உசுரோட இருக்குத மனுசன் காலை நீங்க ஒருத்தரும் தொட்டுப் பாக்கலியே சார். தொட்டுட்டும் பாக்கலியே."

டைட்டஸ் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இந்தப் பிள்ளைய சின்னஞ்சிறுசுவ. பயந்துக்கிட்டு எழுதிருக்கும். ஒரு பிள்ளை நேத்து உங்ககிட்ட வந்து சொல்லிச்சாம்லா? நீங்க சோறு தின்னுக்கிட்டு இருந்தியளாம். நல்லாத் தின்னுங்க. எங்க வீட்டு ஆளு பரீட்சை நாளைக்கு முந்தின ராத்திரி குளிச்சிட்டுத்தான் படுப்பாவ. குதிகாலைத் தேச்சுத் தேச்சுக் கழுவுவாவ. ஏன்யா இந்நேரத்துலன்னு கேட்டா, படிக்குத பிள்ளைய தொடுத கால்லான்னு சொல்லுவாவ. அந்தக் காலை எடுத்துருவாவளோ என்னவோன்னு அங்கன கிடக்காவ." அவள் சட்டென்று திரும்பி வாசலுக்குப் போய்க் கூடையைத் தூக்கினாள். தலையில் ஏற்றிவிட ஆள் வேண்டும். மாணவிகள் இரண்டு பேர் ஓடிப்போய்க் கைகொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜெர்லின் தன் நோட்டைத் திறந்து, அந்த வரியை ஒரே கோடாக அடித்து, மேலே 'தட்டுப்படவில்லை' என்று எழுதி, அடுக்கில் திரும்ப வைத்தாள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. டைட்டஸ் சார் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். தடுக்கவில்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி நேரம் அறுவை நடந்தது. ஜெனிஸ்டனும் இன்னும் இரண்டு பையன்களும் ரத்தம் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை ராஜாம்பாள் ஆழ்வார்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் கஞ்சி கொடுத்து அனுப்பியிருந்தாள். கண்டக்டர் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். பார்கவி அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனபோது கபிரியேல் மயக்கமருந்தின் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு காலிலும் கட்டு. வலது பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே இருந்தது. விடியற்காலையில் டாக்டர் அர்ஷியா கருவி வைத்துப் பார்த்ததாகவும், மெல்லிசாக ஏதோ கேட்டதாகவும் பவுலின் சொன்னாள். "மெசினுக்குக் கேட்டாப் பத்தாதாம். கையில தட்டுப்படணுமாம். இன்னைக்குப் பொழுது சாயுததுக்குள்ள தட்டுப்பட்டாக் கால் தங்கிருமாம். இல்லன்னா முழங்காலுக்குக் கீழ…" கையிலிருந்த ஜெபமாலையை முறுக்கிக்கொண்டு மேற்கொண்டு சொல்லாமல் விட்டாள். "எனக்குத் தொட பயமா இருக்கும்மா. நீயும் தொடாத. டாக்டர் வரட்டும்."

அப்போதுதான் வார்டின் வாசலில் டைட்டஸ் சார் நின்றார். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கையில் ஆரஞ்சுப் பை. இரண்டு நாளில் அவர் முகம் மெலிந்திருந்தது. உள்ளே வருவதா, திரும்பிவிடுவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு வந்தார். கட்டிலருகே வந்து பையை நீட்டியபடி, "எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

பவுலின் பையை வாங்கவில்லை. உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று பார்கவி நினைத்தாள். அவள் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

"அதையெல்லாம் அங்கன வச்சிருங்க சார்," என்றாள். "முதல்ல தொடுங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"வாத்தியார்லா நீங்க. எந்த இடம்னு உங்களுக்குத் தெரியும்லா? தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எனக்காவச் சொல்லாதீய."

டைட்டஸ் சார் பையைத் தரையில் வைத்தார். ஒரு ஆரஞ்சு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது, அவர் கவனிக்கவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டார். குனிந்தார். உயரமான மனிதர், கட்டில் தாழ்வு. குனிந்து எட்டாமல், கடைசியில் ஆஸ்பத்திரித் தரையில் முழங்காலை ஊன்றினார். வெளுத்த பாதத்தின் மேல் மூன்று விரல்களை வைத்தார். சற்று உள்ளே தள்ளினார். அழுத்தத்தைக் குறைத்தார். வார்டில் தட்டு எடுத்துக்கொண்டு யாரோ போனார்கள், ஒரு குழந்தை அழுதது, வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. பவுலின் பாதத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்வை அரும்பி இறங்கியது. மூக்குக்கண்ணாடி மெல்ல நழுவி நுனிக்கு வந்து தொங்கியது. அதைத் தள்ளிவிடுவதற்குக்கூட அவர் கையை எடுக்கவில்லை.